பயணப்பெட்டியில் ஒரு மேசைக்கணினி

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் சகோதரர்களிடம் மீஞ்சூர்ப் பிள்ளைகள் இப்போது கேட்பது அத்தரோ பேரீச்சையோ அன்று. பாகம் பாகமாகத் தேர்ந்து இணைத்த மேசைக்கணினி. கேட்பதில் குற்றமில்லை. கொண்டுவரும் முறையில்தான் நம்மிடையே ஓர் அலட்சியம் வேரூன்றியிருக்கிறது.

18 வயது நிறைந்த பயணி கொண்டுவரும் ஒரு மடிக்கணினிக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. மேசைக்கணினிக்கு அச்சலுகை இல்லை. பிற பொருள்களோடு சேர்த்துப் பொது வரம்புக்குள்ளேயே அதன் விலையும் கணக்கிடப்படும். எனவே விலையைக் குறைத்து ரசீது எழுதி வாங்குவது, கிராஃபிக்ஸ் கார்டை ஒருவர் பெட்டியிலும் பிராசசரை இன்னொருவர் பெட்டியிலும் இன்னதென்று சொல்லாமலே திணிப்பது என வழிகள் பெருகிவிட்டன. "அரசாங்க வரிதானே" என்பார்கள். பொய் ரசீது யாரை ஏமாற்றினாலும் பொய்யே. அதைவிடக் கொடிது, ஏதுமறியாத ஒரு சகோதரரைச் சுங்க அதிகாரியின் முன் நிறுத்துவது. அவர் சுமப்பது நம் அமானிதம் எனில், அது இன்னதென்று அறியும் உரிமை அவருக்கு இல்லையா?

முறையாக வரி செலுத்திக் கொண்டுவருவோர் கனத்த கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே பொதியட்டும். பொருத்தியபடியே வந்தால் குலுக்கலில் மதர்போர்டின் செருகுவாய் முறியக்கூடும். ஆனால் மீஞ்சூரில் மின்ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து ரிச்சி தெரு அதிகத் தொலைவில்லை. உதிரிபாகங்களை வாங்கினால் அங்கேயே பூட்டித் தருவார்கள். உள்ளூர் ரசீது கையிலிருந்தால் உத்தரவாதம் கோருவதும் எளிது. சில பாகங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுகிறது. வரியையும் விமானச் சுமைக்கட்டணத்தையும் கூட்டிய பிறகும் துபாய் விலை மலிவுதானா என்று மகனையே கணக்கிடச் சொல்லுங்கள்.