பசறை வீதியில் ஒரு பெயர்



சில மாதங்களுக்கு முன் கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் பேசினார். பயிற்சி வகுப்பொன்றில் அறிமுகமானவர். 2009இல் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

“தங்கச்சி, மூத்தவளுக்குப் பதுளை கம்பஸ் கிடைச்சிருக்கு. அங்க எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. போனில தேடினாலும் இடங்களின்ர பேர் தமிழில இல்லை. வேண்டாமெண்டு சொல்லட்டோ?” என்றார்.

அவருடைய பெற்றோர் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போனவர்கள். பதுளை என்றால் அம்மா சொன்ன பயக்கதைதான் அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தெரியாத இடம் என்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகலாமா?

அன்றிரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைத் திறந்தேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட இந்த வரைபடத்தில், கணக்கு ஒன்றைத் திறந்து யாரும் தம் ஊர் விபரங்களைச் சேர்க்கலாம். தமிழ்ப் பெயருக்கென்று தனி இடமும் உண்டு. நான் பார்த்தபோது பதுளையில் பல இடங்களுக்கு அது வெறுமையாக இருந்தது.

எங்கள் மகளிர் குழுப் பிள்ளைகள் இருவருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பசறை வீதியில் 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். இங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் பேத்திகள் அதைப் படிப்பது சின்ன விடயமல்ல. பிறகு திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளை நிலையம், தொழில்நுட்பக் கல்லூரி, பஸ் நிலையம், பெரியாஸ்பத்திரி, கோவில்கள்.

ஒரு சிக்கலும் வந்தது. எங்கள் நாட்டில் ‘கல்லூரி’ என்றால் பாடசாலையாகவும் இருக்கும். பதுளை சரஸ்வதி கல்லூரி பாடசாலைதான். ஆகவே பெயரை மட்டும் பார்த்து வகைப்படுத்தக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இதைவிடப் பெரிய குழப்பமும் உண்டு. எனக்குத் தெரிந்த தோட்டத் தாயொருவர் நகையை அடகு வைத்து, ‘கம்பஸ்’ என்று பலகை மாட்டிய ஓரிடத்தில் மகளைச் சேர்த்தார். ஒரு வருடம் கழித்துத்தான் அந்தச் சான்றிதழுக்கு அங்கீகாரமில்லை என்று தெரிந்தது. சகோதரிகளே, பணம் கட்டுமுன் கேளுங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். தொழிற்பயிற்சி என்றால் அந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, சான்றிதழ் எந்த என்.வி.கியூ. மட்டம் என்று கேளுங்கள். அரசாங்கத்தின் ‘பல்கலைக்கழகக் கல்லூரி’கள் வேறு, யாழ்ப்பாணம், அநுராதபுரம், மாத்தறை போன்ற இடங்களில் அவை தொழில்சார் டிப்ளோமாக்களை நடத்துகின்றன. பட்டம் தரும் பல்கலைக்கழகமும் அதுவும் ஒன்றல்ல.

வரைபடத்தில் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். நேரில் பார்த்த இடத்தை மட்டும் சேருங்கள். விளம்பரம் எழுதாதீர்கள். பெண்கள் தனியாகத் தங்கும் வீடுகளையும், யாருடைய சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் ஒருபோதும் போடாதீர்கள். நல்லது செய்யப்போய் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாது.

அடுத்த நாள் அக்காவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். பஸ் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை விரலால் தடவிப் பார்த்தாராம். “இந்த ரோட்டாலயோ அம்மா ஆக்கள் பசறையில இருந்து வந்தவை?” என்று கேட்டார். ஆமென்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு, “நானும் பிள்ளையோட வாறன். அந்தத் தோட்டத்தையும் ஒருக்காப் பாக்கவேணும்” என்றார்.

வரட்டும். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். உங்கள் ஊரிலும் தமிழ்ப் பெயரில்லாத இடங்கள் இருக்கும். வெளியூர்ப் பிள்ளையொருத்தி அங்கே வரப்போகிறாள் என்று நினைத்து, இந்த மாதம் ஒன்றையாவது சேர்த்துவிடுங்கள்.