மணி அடித்தால் மட்டும் போதுமா?

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து', மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் நாம் அறிவோம். நான்காவது, உடனிருந்து மருந்து கொடுத்துக் கவனிப்பவர். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்திற்கும் போய்விட்ட வீடுகளில், இந்த நான்காமவரின் வேலையை இன்று மின்னியல் மாத்திரைப் பெட்டியிடம் ஒப்படைக்கிறோம். அதை மட்டும் நம்பலாமா என்பதே என் கேள்வி.

இத்தகைய கருவிகள் தேவையில்லை என்று நான் கூறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கையோ, வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையைச் சரியாகப் பின்பற்றுவோர் சராசரியாக 50 விழுக்காட்டினரே என்றது. மறதிதான் காரணம் என்றால் மணி அடிக்கும் பெட்டி நல்ல மருந்துதான்.

அப்படி நம்பித்தான் இனிப்பு நீர் உள்ள என் பாட்டிக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். வேளை வந்ததும் மணி அடிக்கும். மூடியைத் திறந்தால் நிற்கும். உடனே என் கைப்பேசிக்குத் தகவல் வரும். ஒரு மாதம் தவறாமல் வந்தது. நானும் விடுதியில் நிம்மதியாக இருந்தேன். விடுமுறையில் வீடு திரும்பியபோதுதான், பாட்டியின் தலையணை உறைக்குள் மெட்ஃபார்மின் மாத்திரைகளைக் கண்டேன்.

"மணிய நிறுத்தத்தான்யா தொறப்பேன். அத முழுங்குனா வயித்தக் கலக்குது" என்றார் பாட்டி.

மருந்துறையில் மலாயில் எழுதிய 'உணவுக்குப் பின்' என்ற குறிப்பு இருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அதை யாரும் விளக்கவில்லை. நானும்தான். காலையில் கோப்பியோடு இரண்டு ரொட்டியைக் கடித்துவிட்டு மாத்திரை போட்டிருக்கிறார். வயிற்றுக் கோளாறு இம்மருந்தின் பொதுவான பக்கவிளைவு. உணவோடு உட்கொண்டால் குறையும். கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று சொன்னதும் மருத்துவர் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைத்தார். இப்போது பாட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

பெட்டி பழுதாகவில்லை. மூடி திறந்ததை அது சரியாகவே சொன்னது. மாத்திரை வயிற்றுக்குள் போனதா, போகவில்லையெனில் ஏன் என்பது அதற்குத் தெரியாது. மறந்தவருக்கு நினைவூட்டலாம், பயந்தவரிடம் பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சு அவருக்குப் புரிந்த மொழியில் இருக்க வேண்டும்.

ஆகவே, இக்கருவிகள் வெறும் மணியோடு நில்லாமல், "சோறு சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை" என்று தமிழிலும் பேச வேண்டும். கணினித் துறையிலும் மருந்தியல் துறையிலும் பயிலும் நம் தமிழ் மாணவர்கள் இதற்கு முயலலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வாரம் வீட்டிற்குப் போனால், தாத்தா பாட்டியின் மருந்துப் பையைத் திறந்து, ஒவ்வோர் உறையிலும் உள்ளதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிறகு, "இதச் சாப்பிட்டா உங்களுக்கு என்ன செய்யுது?" என்று ஒரு முறை கேளுங்கள். நான் அதை ஒரு மாதம் தாமதமாகக் கேட்டேன்.