எதில் சிக்கனம், எதில் தாராளம்? மீண்டும் தூரிகை எடுப்போர்க்குச் சில சொற்கள்

நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போர் பலர், பள்ளிப் பருவத்திலோ மணமாவதற்கு முன்போ கைவிட்ட ஓவியப் பழக்கத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் கையில் நேரம் இருக்கிறது. மனமோ ஓரிடத்தில் நிலைகொள்ள மறுக்கிறது. எனினும் அவ்விருப்பத்தை வாய்விட்டுச் சொல்வோர் சிலரே. மருந்து, பரிசோதனை, போக்குவரத்து என்று வீடே கணக்குப் பார்த்துச் செலவிடும் காலத்தில், 'எனக்கு வண்ணம் வாங்கித் தாருங்கள்' என்று கேட்க நா எழுவதில்லை. கேட்டால் 'இப்போது இது தேவைதானா?' என்ற பதில் வந்துவிடுமோ என்ற தயக்கம் வேறு.

தேவைதான் என்பது நம் உறுதியான கருத்து. அதற்குப் பெருந்தொகையும் வேண்டியதில்லை. ஆனால் சிக்கனத்தைத் தவறான பொருளில் காட்டினால், செலவிட்ட சிறுதொகை வீணாவதோடு, மீண்டும் துளிர்த்த ஆர்வமும் ஒரே வாரத்தில் கருகிவிடும். எனவே எதில் கையைச் சுருக்கலாம், எதில் சுருக்கலாகாது என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஏன் தேவை?

ஓவியம் நோயைத் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. அது மருத்துவத்தின் பணி. ஆயினும் நோயாளி ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். எழும் நேரம், உண்ணும் உணவு, ஊசி ஏற்றும் கை, ஸ்கேன் எடுக்கும் வேளை ஆகிய அனைத்தையும் பிறரே முடிவு செய்கின்றனர். எல்லாம் அவருடைய நன்மைக்காகவே என்றாலும், மாதக்கணக்கில் எதையும் தாமே தீர்மானிக்காதவர் மெல்ல மெல்லத் தம்மை ஒரு கோப்பு எண்ணாகக் கருதத் தொடங்குகிறார். அஞ்சலட்டை அளவுள்ள தாளில் வானத்தை நீலமாகத் தீட்டுவதா, மஞ்சளாகத் தீட்டுவதா என்பதை அவர் ஒருவரே முடிவு செய்கிறார். அரைமணி நேரமேயாயினும் அந்த உரிமை அவரிடம் திரும்பி வருகிறது.

இது புதிய எண்ணம் அன்று. இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938-இல் காசநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருந்தபோது படம் வரைந்தே அந்நாட்களைக் கடந்தார். பின்னர் உடனிருந்த நோயாளிகளையும் வரையத் தூண்டினார். இன்று 'கலைவழிச் சிகிச்சை' என்று நாம் வழங்குவதற்கு மூலமான ஆங்கிலச் சொற்றொடரை 1942-இல் உருவாக்கியவர் அவரே. பிரான்சின் ஆன்றி மத்தீஸ் 1941-இல் வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். முன்போல் நின்று தீட்ட இயலாத நிலையில், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டும் முறையை மேற்கொண்டார். சாந்திநிகேதனின் பினோத் பிகாரி முகர்ஜி 1957-இல் பார்வையை இழந்த பிறகும் தாள்களை வெட்டி ஒட்டிப் படைத்துக்கொண்டே இருந்தார்; அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

'அவர்கள் மேதைகள், நம்மால் ஆகுமா?' என்று கேட்கலாம். அவர்களுடைய மேதைமை நமக்கு வாராது. ஆனால் உடல் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதற்கேற்பப் பொருளை மாற்றிக்கொள்ளும் வழி எவர்க்கும் உரியது. அவ்வாறு அவர்கள் மாறிச் சென்றது விலையுயர்ந்த கருவிகளுக்கு அன்று; தாளுக்கும் கத்தரிக்கோலுக்கும்தான்.

தாளில் தாராளம்

நீர்வண்ணம் தீட்ட எண்ணுவோர், கையிலுள்ள தொகையில் பெரும்பங்கைத் தாளுக்கு ஒதுக்க வேண்டும். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். கண்ணைப் பறிக்கும் வண்ணப்பெட்டியை வாங்கிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்கும் தாளில் தீட்டத் தொடங்குகின்றனர். அத்தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். கனமே உடையது. நீர் பட்டவுடன் அது நெளிகிறது. வண்ணம் பள்ளங்களில் தேங்குகிறது. இரண்டாம் முறை தூரிகை பட்டால் தாள் திரிதிரியாக உரிகிறது. தீட்டியவர் தாளைக் குறை கூறுவதில்லை. 'கை பழுதாகிவிட்டது, இதையும் நோய் கொண்டுபோய்விட்டது' என்றே முடிவு கட்டுகிறார். நோயால் பலவற்றை இழந்தவர்க்கு இதையும் நம்புவது மிக எளிது. குற்றம் தாளினுடையது என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்ல அருகில் எவரும் இருப்பதில்லை.

எனவே 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள நீர்வண்ணத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பருத்தியால் ஆன உயர்ந்த வகை வேண்டியதில்லை. மரக்கூழால் ஆனதே போதும். கட்டாக அன்றி ஒற்றைத் தாளாகத் தரும் கடைகளும் உண்டு. 22 அங்குலம் அகலமும் 30 அங்குலம் நீளமும் உள்ள முழுத்தாளைச் சமமாக வெட்டினால், ஐந்தரைக்கு ஏழரை அங்குல அளவில் 16 துண்டுகள் கிடைக்கும். நாளொன்றுக்கு ஒன்று என வைத்துக்கொண்டால் இரண்டு வாரங்களுக்கும் மேல் வரும். சரியாக வராத படத்தின் பின்பக்கத்திலும் தீட்டலாம். 'நல்ல தாளை வீணாக்கிவிடுவேனோ' என்ற அச்சம் நியாயமானதே. சிறு துண்டாக வெட்டுவதே அதற்கு மருந்து. பயிலும் கோடுகளுக்குத் திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கங்களும் பழைய நாட்காட்டியின் பின்புறமும் பென்சிலுக்குப் போதுமானவை.

மற்றவற்றில் சிக்கனம்

வண்ணங்களில் நான்கு குழாய்கள் போதும்: லெமன் எல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு. முதல் மூன்றிலிருந்து பச்சை, ஆரஞ்சு, ஊதா ஆகியவை பிறக்கும். செம்பழுப்பும் நீலமும் கலந்தால் மழைமேகச் சாம்பலும் ஏறக்குறையக் கறுப்பும் வரும். வெள்ளைக்குத் தாளின் வெண்மையே உண்டு. மாணவர் தரத்தில் தனித்தனிக் குழாய்களாக வாங்கலாம். தட்டில் பிதுக்கிய நீர்வண்ணம் காய்ந்தாலும் மறுநாள் நீர் தொட்டால் உயிர்பெறும். அக்ரிலிக் வண்ணம் அப்படியன்று, காய்ந்தால் காய்ந்ததுதான். கழுவ மறந்த தூரிகையும் அதனுடன் போகும். களைப்பு வந்தவுடன் பாதியில் விட்டுப் படுக்க வேண்டியவர்க்கு நீர்வண்ணமே ஏற்றது.

தூரிகை இரண்டு போதும்: உருண்டை முனையுள்ள 8-ஆம் எண் ஒன்று, 4-ஆம் எண் ஒன்று. செயற்கை இழையால் ஆனவை விலை குறைந்தவை, உழைப்பவை. நனைத்தால் முனை கூராகச் சேர்கிறதா என்பதே சோதனை. பயன்படுத்திய பின் கழுவிப் படுக்கவைத்து உலர்த்த வேண்டும். நீர்க் குவளையில் நிறுத்திவைத்தால் முனை வளைந்துவிடும். வண்ணம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு தம்ளர் நீர், ஒற்றி எடுக்கப் பழைய பனியன் துணி ஆகியவை வீட்டிலேயே உள்ளன. ஈசலும் கேன்வாஸும் இப்போது வேண்டா.

சமையலறைப் பொருளும் உதவும். காபி டிகாக்ஷனைக் கொண்டே ஒளியும் நிழலுமாக ஒரு முழுப் படத்தைத் தீட்டலாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு கிடைக்கும். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை அறிந்தே பயன்படுத்துங்கள். வங்க ஓவியர் ஜாமினி ராய், எண்ணெய் வண்ணங்களை விட்டு மண்ணிலிருந்தும் சுண்ணத்திலிருந்தும் வண்ணம் கூட்டிப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பயன்படுத்தினார். எளிய பொருள் என்பதால் படம் எளிதாகிவிடுவதில்லை.

உடலுக்கேற்ற முறை

எண்ணெய் வண்ணத்துடன் பயன்படும் டர்பன்டைனின் நெடி, கீமோதெரபி பெறுவோர்க்குக் குமட்டலையும் நுரையீரல் நோயாளர்க்கு மூச்சுத் தொல்லையையும் கூட்டக்கூடும், அதைத் தவிருங்கள். தூள் உதிரும் சாக் வகை வண்ணங்களும் மூச்சுக் கோளாறு உள்ளவர்க்கு ஆகாதவை. தூரிகையின் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் எவர்க்கும் வேண்டா. வெள்ளணுக்கள் குறைந்திருப்போர், நீரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த பழைய வண்ண வில்லைகளைத் தொடலாகாது. தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் நல்லது.

விரல் மரத்துப்போனவர்கள் தூரிகையின் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக்கொள்ளலாம். பக்கவாதத்தால் ஒரு கை மட்டும் இயங்குவோர், தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் மேசையில் ஒட்டிவிட்டால் மறுகையின் உதவி தேவைப்படாது. டயாலிசிஸின்போது ஒரு கையை அசைக்காமல் வைத்திருப்போர்க்கு, நீரில் கரையும் வண்ணப் பென்சில் ஏற்றது. பிரிவில் உள்ளோரின் ஒப்புதலுடன் மற்றொரு கையால் அங்கே வரையலாம். வீடு திரும்பிய பின் ஈரத் தூரிகையால் தடவினால் கோடுகள் நீர்வண்ணமாக மாறும்.

குடும்பத்தாரிடம் இரு வேண்டுகோள்

அன்பின் மிகுதியால் 48 வண்ணப் பெட்டியை வாங்கி வந்து வியப்பூட்ட வேண்டா. அத்தனை வண்ணங்களையும் இத்தனை செலவையும் கண்டவர், அதற்கு ஈடாக நல்ல படம் ஒன்றைத் தர வேண்டுமே என்று அஞ்சுவார். என்ன வேண்டும் என்று கேட்டு அதை மட்டும் வாங்குங்கள். படத்தைப் பார்த்தவுடன் 'இது என்ன?' என்று வினவாதீர்கள், புகழவும் அவசரப்படாதீர்கள். அருகில் அமர்ந்து நீங்களும் ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பதே வேலையாகிவிட்ட உங்களுக்கும் அந்த அரைமணி நேரம் வேண்டும்.

இரண்டாவது, நம் அனைவரின் சார்பிலும் மருத்துவமனைக்கு நாம் வைக்கும் வேண்டுகோளுடன் சேர்ந்தது. பல வீடுகளில் பிரிக்காத வண்ணப் பெட்டிகளும் பிள்ளைகள் பயன்படுத்தாத வரைதாள்களும் உறங்குகின்றன. காத்திருப்புக் கூடத்தில் ஓர் அலமாரி இருந்தால் அவற்றைக் கொண்டுவந்து வைக்கலாம். தேவைப்படுவோர் தமக்கென எடுத்துச் செல்லலாம். பிரிக்கப்படாத பொருட்களையும் துடைத்துத் தூய்மை செய்யத்தக்கவற்றையும் மட்டும் ஏற்பது என்ற விதியைத் தொற்றுத் தடுப்புக் குழுவினரே வகுக்கட்டும். இதற்கு ஆகும் செலவு ஓர் அலமாரியும் ஒரு பூட்டும்தான்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு முழுத்தாள், நான்கு குழாய்கள், இரண்டு தூரிகைகள். அடுத்த முறை மருந்துச் சீட்டுடன் கடைக்குப் புறப்படும்போது, அதன் பின்பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.