அழித்துவிடாதீர்கள், அவை இன்னும் ஆடும்

பொந்தியானில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில், அண்ணன் அக்காள் விட்டுச்சென்ற பழைய கணினியிலோ விரலியிலோ எஸ்.டபிள்யூ.எஃப். என்று முடியும் கோப்புகள் கிடக்கின்றன. உயிரெழுத்துப் பயிற்சி, மழலைப் பாடல், கணித விளையாட்டு என ஒரு காலத்தில் இணையத்திலிருந்து சேமித்தவை. சொடுக்கினால் திறப்பதில்லை. கெட்டுவிட்டதென்று அழித்துவிடுகிறோம்.

கோப்பு கெடவில்லை. அதை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள்தான் விடைபெற்றது. அடோபி நிறுவனம் 2017இல் முடிவை அறிவித்து, 2020 டிசம்பர் 31இல் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் உலாவிகளில் அது இயங்காமல் தடுத்தது. பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்திருந்ததால் அந்த முடிவை நான் குறைகூற மாட்டேன்.

காணொளியைப்போல ஃபிளாஷ் கோப்பு படங்களின் வரிசை மட்டுமன்று. ‘இங்கே வட்டம் வரை, இதை நகர்த்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் ஒலி எழுப்பு’ என்னும் கட்டளைகள் அதில் உள்ளன. அதனால்தான் மெதுவான இணையத்திலும் சிக்கனமாக வந்திறங்கியது. காணொளியாக மாற்றினால் பாட்டு மிஞ்சும்; பிள்ளை விடையைச் சொடுக்கும் பகுதி போய்விடும்.

ரஃபிள் என்ற இலவச, திறமூல மென்பொருள் இக்கட்டளைகளைப் படித்து இயக்குகிறது. கணினியில் நிறுவி, கோப்பை அதன் சாளரத்துக்குள் இழுத்துப்போட்டால் போதும். பழைய கோப்புகள் பெரும்பாலும் ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பில் எழுதப்பட்டவை சில தடுமாறலாம். திரை வெறுமையாக நின்றால், அக்கோப்பு வேறொரு கோப்பைத் தேடுகிறதா என்று பாருங்கள். ஒரே கோப்புறையில் இருந்தவற்றைப் பிரிக்கக்கூடாது. ‘ஃபிளாஷ் பிளேயர் பதிவிறக்குங்கள்’ என்று கூவும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். நச்சுநிரல் நுழைய அது பழைய வழி.

ஃபிளாஷ்பாயிண்ட் என்ற தன்னார்வத் திட்டம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைய விளையாட்டுகளையும் அசைவுப்படங்களையும் காத்து வைத்திருக்கிறது. இணைய ஆவணக் காப்பகமும் 2020 நவம்பரிலிருந்து ரஃபிள் துணையோடு இவற்றை இயக்கிக் காட்டுகிறது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எவரோ இரவில் உட்கார்ந்து செய்த ‘அணில், ஆடு’ பயிற்சியை அவர்கள் தேடி வருவார்களா? நாம் கொடுத்தால்தான் உண்டு.

இடைநிலைப்பள்ளிக் கணினிக் கழகங்கள் இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம். திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், கிடைத்த இடம், செய்தவர் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். பொதுவெளியில் ஏற்றுமுன் செய்தவரைக் கண்டுபிடித்து அனுமதி கேளுங்கள். அவர் ஒருவேளை உங்கள் பள்ளியின் முன்னாள் ஆசிரியராகவே இருக்கலாம்.