உங்கள் போனுக்கு மணி சொல்வது யார்? நேர மண்டல விதிகளும் இந்தியா செய்ய வேண்டிய ஒரு வேலையும்

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகரும். திருத்தணி பக்கத்தில் இருக்கும் கே.ஜி.கண்டிகையில் அன்று எதுவும் மாறாது. ஆனால் அங்கே வீட்டில் லேப்டாப்பை வைத்து நியூயார்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஒருவருக்கு மாறும். அதுவரை இரவு 7:30-க்கு இருந்த மீட்டிங், அடுத்த நாளிலிருந்து மாலை 6:30-க்கு வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு தாண்டினால் திரும்பவும் 7:30.

இதை யாரும் அவருக்கு போன் போட்டுச் சொல்வதில்லை. காலண்டர் ஆப் தானாகவே மாற்றிக்கொள்கிறது. அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் எந்த நாடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தைக் கூட்டுகிறது என்பதை கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுப்பது யார்? இந்தியா நாளைக்கு அப்படி ஒரு மாற்றம் செய்தால் என்ன ஆகும்?

நேரம் என்பது சட்டம்

நேர மண்டலம் சூரியனை வைத்து அமைவது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். பாதிதான் உண்மை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருத்தணி அதற்கு மேற்கே சுமார் 3 டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால் கே.ஜி.கண்டிகையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12:12 காட்டும். சூரியன் ஒன்று சொல்ல, அரசாங்கம் இன்னொன்று சொல்கிறது. ஊர் அரசாங்கம் சொல்வதைத்தான் கேட்கிறது.

ஆக, நேரம் ஒரு நிர்வாக முடிவு. வரி விகிதம் மாதிரி, பஸ் கட்டணம் மாதிரி, அதுவும் ஒரு அரசாணையில் மாறக்கூடியது. கம்ப்யூட்டருக்கு அரசாணை படிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் அதைப் படித்து, விதியாக எழுதித் தர வேண்டும்.

எழுதித் தருவது யார்?

1980-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் இந்த வேலையைத் தொடங்கினார். பிறகு பால் எகர்ட் என்ற கணினி அறிஞர் பொறுப்பேற்றார். 'டிஇசட் தரவுத்தளம்' என்று இதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் என உலகின் பெரும்பாலான கருவிகள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதில் ஒவ்வொரு விதியும் ஒரே ஒரு வரி. எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டு வரை, எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு கூட்ட வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்காவின் 'இரண்டாவது ஞாயிறு' இதில் எப்படி இருக்கும் தெரியுமா? 'மார்ச் 8 அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு.' இரண்டாவது ஞாயிறு எப்போதுமே 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் நடுவில்தான் வரும் என்பதால் இந்தக் கணக்கு தப்பாது. அன்று அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3-க்குத் தாவும். நவம்பரில் 2 மணி ஆனதும் 1-க்குத் திரும்பும். அந்த ஒரு ராத்திரியில் மட்டும் 1:30 மணி இரண்டு முறை வரும். எந்த 1:30 என்று சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும்.

பெயர் வைப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. நாட்டின் பெயர் கிடையாது. கண்டத்தின் பெயரும், அந்த மண்டலத்தில் மக்கள்தொகை மிகுந்த நகரத்தின் பெயரும்தான். நாடுகள் உடையலாம், சேரலாம். நகரம் அப்படியே இருக்கும். அதனால்தான் கே.ஜி.கண்டிகையில் இருக்கும் போனும் உள்ளுக்குள் 'ஏசியா/கொல்கத்தா' என்ற கோப்பைத்தான் பார்க்கிறது. 'ஏசியா/கல்கத்தா' என்ற பழைய பெயரையும் அழிக்கவில்லை. பழைய சாஃப்ட்வேர் உடையக் கூடாதே!

சரி, 'ஐஎஸ்டி' என்று சுருக்கமாகப் போட்டால் போதாதா? போதாது. அயர்லாந்தும் இஸ்ரேலும்கூடத் தங்கள் நேரத்துக்கு அதே சுருக்கத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

போனுக்குள் ஒளிந்திருக்கும் மெட்ராஸ் நேரம்

'ஏசியா/கொல்கத்தா' கோப்பைத் திறந்து பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. 1870 முதல் 1905 முடிய, உலக நேரத்தோடு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி கூட்ட வேண்டும் என்கிறது ஒரு வரி. அது மெட்ராஸ் நேரம்! 1792-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய வானாய்வகம் கணக்கிட்ட நேரம். பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில், இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தைத்தான் ரயில்வே எடுத்துக்கொண்டது.

1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் 5:30 ஆனது. மெட்ராஸ் கடிகாரங்கள் 8 நிமிடம் 50 விநாடி முன்னால் போயின. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் சொந்த நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன என்பது தனிக்கதை. 1970-க்கு முந்தைய விவரங்கள் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று இந்தத் தரவுத்தளமும் உறுதி தருவதில்லை.

இன்னொரு வரியும் முக்கியமானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அந்த ஆண்டுகளில் பிறந்த தாத்தா பாட்டிகளுக்கு ஜாதகம் கணிக்கும்போது ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பது அனுபவமுள்ள ஜோதிடர்களுக்குத் தெரியும். சாஃப்ட்வேருக்கு அதைச் சொல்வது இந்த ஒரு வரிதான்.

ஜோதிடத்துக்கும் இதற்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 2011 செப்டம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட சாஃப்ட்வேர் நிறுவனம், பழைய நேரத் தகவல்கள் தங்கள் அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் வழக்குப் போட்டது. தரவுத்தளம் சில நாட்கள் இணையத்திலிருந்தே இறங்கியது. அக்டோபரில் இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 2012 பிப்ரவரியில் வழக்கு வாபஸ் ஆனது. உலகத்தின் கடிகாரமே இரண்டு தனிநபர்களின் தோளில் நின்றது என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

இலங்கை: ஒரே தீவில் இரண்டு நேரம்

திடீர் மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 1996-ல் மழை பொய்த்து, நீர்மின் உற்பத்தி சரிந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, மே 25-ல் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது: 5:30-லிருந்து 6:30. அதே ஆண்டு அக்டோபர் 26-ல் அரை மணி பின்வாங்கி 6:00. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மறுபடியும் 5:30.

இந்தப் பத்து ஆண்டுகளும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய 5:30-லேயே இருந்தன. எல்லையைக் கடந்தால் கடிகாரம் அரை மணி மாறும். ஆனால் தரவுத்தளத்தில் இலங்கைக்கு 'ஏசியா/கொழும்பு' என்ற ஒரே கோப்புதான் உண்டு.

2000-ஆம் ஆண்டு கிளிநொச்சியில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கடிகாரப்படி குறித்த பிறந்த நேரத்தை இன்றைக்கு ஒரு ஆப்பில் போட்டால், அது கொழும்பு நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அரை மணி தப்பு. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறுவது. அரை மணி வித்தியாசத்தில் லக்னமே மாறிப்போகலாம். ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவு, போலீஸ் பதிவு, சாட்சியம் என எதில் நேரம் எழுதியிருந்தாலும், எந்தக் கடிகாரம் என்ற கேள்வி கூடவே வரும்.

லெபனான்: மூன்று நாள் நோட்டீஸ்

2023 மார்ச் 23. இன்னும் மூன்று நாளில் கோடை நேரம் தொடங்க வேண்டிய நிலையில், ரம்ஜான் முடியும் வரை அதைத் தள்ளிவைப்பதாக லெபனான் அரசு அறிவித்தது. மாரோனைட் திருச்சபையும் சில டிவி சேனல்களும் ஏற்க மறுத்தன. ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. புதிய முடிவு போய்ச் சேராத போன்கள் பழைய விதிப்படி தானாக முன்னால் போயின.

தன்னார்வலர்கள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். சில நாட்களில் அரசே பின்வாங்கியது; அதற்கு மறுபடியும் ஒரு திருத்தம். அரசாங்கத்துக்கு ஒரு கையெழுத்துதான். ஆனால் அந்த வரி, போன் தயாரிப்பாளர், சாஃப்ட்வேர் நிறுவனம், அப்டேட் என்று பல கை மாறித்தான் கடைசி போன் வரை போக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். அப்டேட் நின்றுபோன பழைய போனுக்குப் போகவே போகாது.

இந்தியாவில் மாறுமா?

1945-க்குப் பிறகு நம் கோப்பில் புதிய வரி சேரவில்லை. அது பெரிய வரம். ஆனால் மாற்றக் கோரும் குரல்கள் ஓயவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாகன் டைம்' என்று ஒரு மணி நேரம் முன்னால் வேலை நடக்கிறது. 2018-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்குக்குத் தனியாக 6:30 நேரம் வைக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். மத்திய அரசு ஏற்கவில்லை. நாடு முழுவதும் நிரந்தரமாக அரை மணி முன்னால் போனால் மின்சாரம் மிச்சமாகும் என்று பெங்களூருவின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்.

அப்படி அரை மணி நகர்ந்தால் கே.ஜி.கண்டிகையில் சூரிய உச்சி 12:42 ஆகும். அதைப் பழகிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிந்திருப்பதுதான் சிக்கல். உதாரணத்துக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடுத்த மாதம் காலை 10:30-க்கு ஒருவருக்கு டோக்கன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரது காலண்டர் ஆப் அதை உலக நேரம் 5:00 என்று மாற்றிச் சேமித்திருந்தால், அரை மணி மாற்றத்துக்குப் பிறகு 11:00 என்று காட்டும். அலுவலகமோ புதுக் கடிகாரப்படி 10:30-க்கே கூப்பிட்டு முடித்திருக்கும்.

அதனால்தான் அனுபவசாலி புரோகிராமர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். நடந்து முடிந்ததை உலக நேரத்தில் சேமி. நடக்கப்போவதை உள்ளூர் நேரத்தோடும் மண்டலப் பெயரோடும் சேமி. 'இந்தியாதானே, 5:30 கூட்டினால் போதும்' என்று கோடில் நேரடியாக எழுதுவது இங்கே இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இது சரியான வழி என்பதால் அல்ல, யாரும் நேரத்தை மாற்றவில்லை என்பதால்.

என்ன செய்ய வேண்டும்?

இந்திய நேரத்தின் விநாடிகளுக்குக் காவலர் இருக்கிறார்: டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். கணினிகள் அந்த ஆய்வகத்தின் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022-ல் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. சட்டம், நிர்வாகம், வணிகம் எல்லாவற்றுக்கும் இந்திய நேரமே கட்டாயம் என்று 2025 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது. வங்கி, பங்குச் சந்தை, மின்கட்டமைப்பு எல்லாம் ஒரே விநாடியில் நிற்க இது தேவை, வரவேற்கலாம்.

ஆனால் 'இப்போது துல்லியமாக மணி என்ன' என்பது ஒரு கேள்வி. 'நாளைக்கு விதி மாறினால் கம்ப்யூட்டருக்கு யார், எப்போது சொல்வது' என்பது வேறு கேள்வி. அரசின் முயற்சிகள் முதல் கேள்வியில்தான் நிற்கின்றன. இரண்டாவதுக்கும் பதில் வேண்டும். இந்திய நேரத்தில் எந்த மாற்றம் வந்தாலும், குறைந்தது ஒரு வருஷம் முன்பே அறிவிக்க வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தெந்த மாவட்டங்கள் என்பதை, கம்ப்யூட்டர் நேரடியாகப் படிக்கும் வடிவத்தில் அரசே வெளியிட வேண்டும். இதை விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். புதிதாகப் பெரிய செலவு எதுவும் இல்லை. அறிவிப்பைச் சீக்கிரம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பதில் அசாமுக்கு ஒரு நியாயம் இருக்கலாம், தமிழ்நாட்டுக்கு வேறு நியாயம் இருக்கலாம். அந்த விவாதம் நடக்கட்டும். முடிவு எதுவானாலும், நடுராத்திரியில் அறிவித்துவிட்டு, காலையில் கே.ஜி.கண்டிகையில் ஒருவர் போனைப் பார்த்து ரயிலை விடும்படி ஆகக் கூடாது.