கடையை மூடியாச்சு, பலகையைக் கழற்றியாச்சா? இணைய முகவரியில் மறந்துபோகும் ‘சி-நேம்’

ஒரே ஊருக்கு ரெண்டு பெயர் என்பது தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. தூத்துக்குடி என்றாலும் டூட்டிக்கொரின் என்றாலும் பஸ் ஒரே இடத்துக்குத்தான் போகும். இணையதளங்களுக்கும் இப்படி மாற்றுப்பெயர் வைக்கலாம். அதற்கான பதிவுதான் ‘சி-நேம்’ ரெக்கார்டு. வைப்பது சுலபம். தேவை முடிந்ததும் எடுக்க மறப்பதில்தான் ஆபத்து.

எப்படி வேலை செய்கிறது?

ஆறுமுகநேரி உப்பளத்து உப்பை ஆன்லைனில் விற்கும் ஒரு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும் பக்கத்தை மட்டும் வேறொரு நிறுவனத்தின் சேவையில் மாத வாடகைக்கு நடத்துகிறார். தன் டொமைனுக்கு முன்னால் ‘ஷாப்’ என்று சேர்த்து, ‘இந்தப் பெயரைத் தேடி வந்தால் அந்த நிறுவனத்தின் முகவரிக்குப் போ’ என்று எழுதி வைக்கிறார். அதுதான் சி-நேம்.

சி-பேனலில் ‘ஸோன் எடிட்டர்’ போய், டொமைனுக்கு எதிரே ‘மேனேஜ்’ அழுத்தி, புது ரெக்கார்டில் சி-நேம் வகையைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் இலக்கு முகவரியையும் போட்டால் முடிந்தது. ஆனால் டொமைனின் நேம்சர்வர் வேறு நிறுவனத்தில் இருந்தால், இங்கே என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. மாற்ற வேண்டியது அங்கேதான்.

இன்னொரு விதியும் உண்டு. சி-நேம் இருக்கும் பெயரில் வேறு எந்த ரெக்கார்டும் இருக்கக்கூடாது. 1987 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ‘ஆர்.எஃப்.சி 1034’ ஆவணத்திலேயே இது இருக்கிறது. முன்னால் எதுவும் சேர்க்காத மூல டொமைனில் நேம்சர்வர், மெயில் ரெக்கார்டுகள் இருக்கும் என்பதால், அதற்கு சி-நேம் போட முடியாது.

எங்கே சிக்கல்?

ஒரு வருடம் கழித்து அந்த வாடகைச் சேவையை வியாபாரி நிறுத்திவிடுகிறார். சி-நேம் மட்டும் அப்படியே கிடக்கிறது. காலியான அந்த முகவரியை வேறு யாராவது தன் பெயரில் எடுக்க அந்தச் சேவை அனுமதித்தால், ‘ஷாப்’ என்று தேடி வரும் பழைய வாடிக்கையாளர் நேராக அவரிடம் போய் நிற்பார். மேலே தெரிவது உப்பு வியாபாரியின் பெயர். உள்ளே பணம் கேட்பது வேறு ஆள்.

பெரிய இடங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி-யின் துணை டொமைன்கள் சில இதே வழியில் கைப்பற்றப்பட்டு, மோசடிப் பக்கங்களுக்குப் பயன்பட்டதை 2025 மே மாதம் இன்ஃபோபிளாக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அந்தக் கும்பலுக்கு அது வைத்த பெயர் ‘ஹேஸி ஹாக்’. யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை. கைவிடப்பட்ட கிளவுட் முகவரிகளைத் தேடி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாவி யார் கையில்?

சி.டி.சி போன்ற அமைப்பில் கவனிக்கத் தனிக் குழுவே இருக்கும். சின்ன ஊர் வியாபாரிக்கு? வெப்சைட் செய்து கொடுத்த தம்பியிடமே டொமைன், சி-பேனல் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் இருக்கும். அந்தத் தம்பி வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போய்விட்டால், பலகை ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில்.

இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஒதுக்குவது தவறு. கடைப் பத்திரம் போல டொமைன் கணக்கும் உரிமையாளரின் பெயரிலும் மெயிலிலும்தான் இருக்க வேண்டும். வெப்சைட்டை ஒப்படைக்கும் இளைஞர்களும், எந்த சி-நேம் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதைத் தங்கள் வேலையின் பகுதியாகக் கருத வேண்டும். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

சேவையை நிறுத்தும்போது வரிசையும் முக்கியம். முதலில் சி-நேமை நீக்க வேண்டும். பழைய பதிவு மற்ற சர்வர்களின் நினைவிலிருந்து போகும்வரை பொறுக்க வேண்டும். டி.டி.எல் 14400 என்று இருந்தால் அது நாலு மணி நேரம். அதற்குப் பிறகுதான் வாடகைக் கணக்கை மூட வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டுத்தானே கடையைக் காலி செய்வோம்?