பேச்சுப் போட்டிக்கு நேரம், காலம் இல்லையா?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பி.காம்., இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் பட்டிமன்றமா, பேச்சுப் போட்டியா... முதல் பரிசு அவளுக்குத்தான். சென்ற மாதம், கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிக்காக, தென்சென்னையில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போனாள்.

காலை 10 மணிக்கு வரச் சொல்லி விட்டு, சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து, 12 மணிக்குத்தான் துவக்கினராம். இறுதிச் சுற்று ஆரம்பிக்கும்போது மாலை 6 மணி! 'உடனே கிளம்பி வா' என்று, அப்பா போன் மேல் போன் போட, பேசாமலேயே திரும்பி விட்டாள்.

'பரிசு போனா போகட்டும் ஆன்ட்டி... இனிமே போட்டிக்கே அனுப்ப மாட்டேங்கறாங்க...' என்று அவள் அழுதபோது, என் மனசு ஆறவில்லை.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. 2021ல், விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்து விட்டது உண்மைதான். ஆனால், அங்கே இறங்கி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, எண்ணூர் பக்கம் போய்ச் சேருவது, ராத்திரியில் வயசுப் பெண்ணுக்கு லேசான காரியமா?

மேடைப் பேச்சு, வடசென்னைக்குப் புதுசல்ல. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் தி.மு.க., தொடக்கக் கூட்டம் நடந்ததே, ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். அந்த மண்ணில் பிறந்த பெண், மேடை ஏற கடிகாரத்தைப் பார்த்து பயப்பட வேண்டியிருக்கிறது.

தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்கள் பிறந்த நாளையொட்டி நடத்தும் பேச்சுப் போட்டியில், முதல் பரிசு 5,000 ரூபாய். மீன் விற்றுப் படிக்க வைக்கும் வீட்டில், அது பெரிய தொகை. பணத்தை விடுங்கள்... 2023 டிசம்பரில், எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் கழிவு வந்தபோதும், அமோனியா வாயு கசிந்தபோதும், வீதிக்கு வந்து நியாயம் கேட்டதில் பெண்களும் உண்டே! நாலு பேர் முன், பதறாமல் கோர்வையாகப் பேசத் தெரிவது, எங்கள் பகுதிப் பெண்களுக்கு பொழுதுபோக்கு அல்ல, தேவை.

கல்லூரி நிர்வாகிகளே... விருந்தினருக்காகக் காத்திராமல், சொன்ன நேரத்தில் துவக்கி, மாலை 4 மணிக்குள் பரிசையும் கொடுத்து அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது வடசென்னையில் நடத்துங்கள்.

பெற்றோரே... 'போகாதே' என்பதற்கு பதில், ஒருமுறை துணைக்குப் போய், உங்கள் மகள் பேசுவதைக் கேளுங்கள். அடுத்த முறை, நீங்களே முந்திக் கொண்டு கிளம்புவீர்கள்!

— ஒரு வாசகி, திருவொற்றியூர்.